சங்கப் பணத்தைத் தொட்டுவிட்டேன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் பொருளாளர். போன வருஷம் கணவரின் ஆபரேஷனுக்காக, அவருக்குத் தெரியாமல் சங்கப் பணத்தில் 18,000 ரூபாய் எடுத்தேன். இரண்டே மாதத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இப்போது அவருக்கு வேலையும் போய்விட்டது. கர்த்தர் என்னைத் தண்டிக்கிறாரா? ஜெபிக்க முழங்காலில் நின்றாலே நடுங்குகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: சகோதரி, பணம் எடுத்ததையும் கணவரின் வேலை போனதையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9:3). வேலை போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல உங்களுக்கும் அதிகாரமில்லை, எங்களுக்கும் இல்லை. நடுக்கத்தின் காரணம் மட்டும் தெரிகிறது. பாவத்தை அடக்கிவைத்தவரை எலும்புகள் உலர்ந்துபோயின என்று தாவீது சொல்வது (சங்கீதம் 32:3) இதைத்தான்.

மன்னிப்புக்கு 1 யோவான் 1:9 போதும். அதற்குத் தவணை கிடையாது. பணத்துக்கு லேவியராகமம் 6:5-ஐ வாசியுங்கள். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில் உரியவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் கணக்கில் 18,000-உம் 3,600-உம் சேர்த்து 21,600. கூடுதல் பங்கு இன்று கட்டாயமில்லை, முடிந்தால் கொடுங்கள். முதல் கட்டாயம்.

முதலில் கணவரிடம் சொல்லுங்கள். பிறகு ஆயரையும் சங்கத் தலைவியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் விஷயம் இரண்டு விதமாகப் போய்ச் சேரும். கணக்கு நோட்டும் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். "கடனாக எடுத்தேன்" என்று சொல்ல வேண்டாம், யாரும் உங்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. "கேட்காமல் எடுத்தேன்" என்றே சொல்லுங்கள். எடுத்த தேதி, தொகை, மாதத் தவணை மூன்றையும் எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள். மாதம் 1,800 என்றால் 12 மாதத்தில் 21,600-உம் தீரும். அதுவும் பாரமென்றால் காலத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். பொருளாளர் பொறுப்பை, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், அன்றே ஒப்படையுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அது சபைக் கணக்கில் சேரும். சங்கக் கணக்கில் துண்டு அப்படியே நிற்கும், பழி அடுத்த பொருளாளர்மேல் விழும். கந்துவட்டிக்கு வாங்கி அடைப்பதும் வேண்டாம். பணம் தீரும் முன்னே, ஆராதனையின் சாட்சி நேரத்தில் சபையார் முன் எழுந்து சொல்லவும் அவசரப்படாதீர்கள்.

சங்கத்தார் கோபப்படலாம், பேச்சு வெளியே போகலாம். அதை வைத்துக் கர்த்தர் மன்னிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சீஷன் பேதுரு தம்மை அறியேன் என்று மறுதலிப்பதற்கு முன்பே, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு வேண்டிக்கொண்டார் (லூக்கா 22:32). கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி மூன்று முறை மறுதலித்தவனிடம், கடற்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டுக் கொடுத்தபின் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டு, தம் ஆடுகளாகிய விசுவாசிகளை அவன் கையிலேயே ஒப்படைத்தார்.

கேள்வி: தொடர்ந்து கஷ்டம். "ஏன் ஆண்டவரே?" என்று கேட்பது அவிசுவாசமா?
— ஒரு வாசகர்

பதில்: இல்லை. சங்கீதம் 13-இல் ஆறே வசனங்கள். முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அந்த அமைப்பிலேயே ஜெபியுங்கள். 1, 2 வசனங்கள்போல் வேதனையைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். 3, 4 போல் இன்றைக்கு வேண்டியது ஒன்றைக் கேளுங்கள். 5, 6 போல் அவர் கிருபையை நம்புகிறேன் என்று ஒரு வரி சொல்லுங்கள். கடைசி வரி வாயில் வரவில்லையா? வற்புறுத்தி வரவழைக்க வேண்டாம், கேட்டதோடு நிறுத்துங்கள். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது; அதையும் ஜெபமாகத்தான் வேதம் வைத்திருக்கிறது.