ஸ்கூல் பஸ்ல அட்டெண்டர் இல்ல, கேட்டா "எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று) வாங்கியாச்சு"ன்னு சொல்றாங்களா?

எஃப்சி இருந்தா மட்டும் போதாதுங்க, குழந்தைங்கள ஏத்தி இறக்க உதவியாளர் கண்டிப்பா இருக்கணும், தமிழ்நாட்டு பள்ளி வாகன சிறப்பு விதிகள் 2012லயே அது இருக்கு. சென்னைல பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து ஒரு குழந்தை இறந்துச்சே, அதுக்கப்புறம் வந்த விதி.

அநேகமா ஆய்வு அன்னிக்கு மட்டும் ஒரு ஆளை நிக்க வச்சிருப்பாங்க. எங்க பையன் பஸ்லயும் இதே கதைதான், ஜூன்ல வந்த அக்கா ஆகஸ்ட்ல காணோம், நாலு வயசு வாண்டு ஒண்ணு தானா படியில தொங்கி இறங்கும், பாக்கவே வயிறு கலங்கும்.

முதல்ல பண்ண வேண்டியது, எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி பாருங்க. அப்புறம் காலைல பஸ் நிக்கிற இடத்துல படிக்கட்டு, எமர்ஜென்சி கதவு, தீயணைப்பான் எல்லாம் போட்டோ எடுத்து தேதியோட ஆர்டிஓவுக்கு எழுத்துல குடுங்க, காப்பில சீல் வாங்காம வராதீங்க. பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417க்கும் சொல்லலாம்.

ஆனா ஒண்ணு, பீஸ் ஸ்கூலுக்கு கட்டுறீங்களா, வேன்காரருக்கா? நீங்களே பேசி வச்ச வேன்னா ஸ்கூல் கைய விரிச்சிடும், அப்ப ஆர்டிஓ ஒண்ணுதான் வழி.