கோர்ட் கார்டு வந்ததும் ஆள் தேட வேண்டாம்: டாரட் கேள்வி பதில்

குறி பார்க்கப் பயன்படுத்தும் டாரட்டின் 78 சீட்டுகளில் 16 கோர்ட் கார்டுகள், அதாவது அரசவை ஆட்களின் படம் உள்ளவை. வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு) என நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் பேஜ் (இளம் பணியாள்), நைட் (குதிரை வீரன்), குயின், கிங். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றித்தான். தனியாகச் சொல்லாத இடமெல்லாம் நான் பேசுவது 1909இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் கட்டைப் பற்றி.

கேள்வி: வேலையை விடலாமா என்று கேட்டு மூன்று சீட்டு எடுத்தேன். நடுவில் குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ். என் மேனேஜர் ஆண். அப்புறம் யார் இந்தப் பெண்?

யாராகவும் இருக்க வேண்டியதில்லை. கோர்ட் கார்டைக் கண்டதும் இது மாமியாரா, ஆபீஸ் தோழியா என்று ஆள் தேடக் கிளம்பிவிடுகிறோம். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். முதலில் கேட்பது ஒன்றுதான்: சீட்டில் இருப்பவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வார்?

படத்தை நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் வாள் செங்குத்தாக நிற்கிறது. இடது கையோ முன்னால் நீண்டிருக்கிறது, 'வா, பேசலாம்' என்பதுபோல. முகத்தில் சிரிப்பு இல்லை. ஆக, பேசத் தயார். வழவழா கொழகொழா பேச்சு மட்டும் கிடையாது. இவள் கோபத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ராஜினாமா மெயில் அனுப்பமாட்டாள். எது பிடிக்கவில்லை, எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு காலையில் போய்க் கேட்பாள். சீட்டு உங்களிடம் சொல்வது அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படியென்றால் கோர்ட் கார்டு ஆளைக் குறிக்கவே குறிக்காதா?

குறிக்கும். கேள்வியிலேயே ஒரு ஆள் இருந்தால், அல்லது 'எதிர்த் தரப்பு' என்று நீங்களே ஒரு இடம் ஒதுக்கி அங்கே அது விழுந்தால், ஆளாகவே படியுங்கள். அப்போதும் குணத்தைத்தான் பார்க்க வேண்டும். கறாராகப் பேசும் தாத்தாவுக்கும் குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வரலாம்.

கேள்வி: நிறத்தையும் வயதையும் வைத்து, கேட்பவரைக் குறிக்கும் சீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை சரியா? அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டில் எல்லோரும் பென்டக்கிள்ஸ்!

ரைடர் கட்டை வரையச் சொன்ன ஏ. இ. வெய்ட் எழுதிய முறை அது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் என்றால் வாண்ட்ஸ்; கறுப்பு முடி, கருவிழி, மாநிறம் என்றால் பென்டக்கிள்ஸ். அவர் மனதில் இருந்தது அந்தக் கால இங்கிலாந்து. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு இதைக் கொண்டுவந்தால் மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை ஒரே பிரிவுதான். வயதுக் கணக்கு இன்னும் வேடிக்கை: ஆண் நாற்பதைத் தாண்டினால் நைட், அதற்குக் கீழே கிங் என்கிறார். இன்று பலரும் படிப்பதற்கு நேர் எதிர். வரலாறாகத் தெரிந்துகொள்ளுங்கள், பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: நான்கு நைட்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது, மேடம்.

குதிரையைப் பாருங்கள், மனிதனை விடுங்கள். ஸ்வார்ட்ஸ் குதிரை நாலு கால் பாய்ச்சலில் போகிறது, பின்னால் மரங்கள் காற்றில் வளைகின்றன. வாண்ட்ஸ் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. ஆர்வம் நிறைய, போய்ச் சேருமா என்பது வேறு விஷயம். கப்ஸ் குதிரை மெல்ல நடக்கிறது, மேலே இருப்பவன் கோப்பையை ஏந்திக்கொண்டு ஏதோ சொல்ல வருகிறான். பென்டக்கிள்ஸ் குதிரை அசையவே இல்லை. அதன் பின்னால் உழுத வயல். கடன் எப்போது அடையும் என்ற கேள்விக்கு இந்த நாலாவது வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். மாதாமாதம் கட்டிக்கொண்டே போவான்.

கேள்வி: வரன் பற்றிக் கேட்டேன், கிங் ஆஃப் கப்ஸ் வந்தது. நல்லவர்தானே?

பொறுமைசாலி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிம்மாசனம் எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? கொந்தளிக்கும் கடலுக்கு நடுவே. கழுத்தில் மீன் பதக்கம், சுற்றிலும் அலை, அவர் காலோ தண்ணீரில் படவில்லை. உணர்ச்சியைக் கட்டி ஆளத் தெரிந்தவர் என்றும் படிக்கலாம், மனதில் இருப்பதை வெளியே விடாதவர் என்றும் படிக்கலாம். எது என்று பக்கத்துச் சீட்டு சொல்லும். அதைவிட, அவரோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசினால் தெளிவாகவே தெரிந்துவிடும். சீட்டைப் பார்த்து மட்டும் தாலி கட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது தோத் கட்டு. அதில் கிங்கே இல்லையே, அச்சுப் பிழையா?

இல்லை. அலிஸ்டர் க்ரௌலி வகுத்து ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த அந்தக் கட்டில் வரிசையே நைட், குயின், பிரின்ஸ், பிரின்சஸ் என்றுதான் போகும். நைட்டுக்கு நெருப்பு, குயினுக்கு நீர், பிரின்ஸுக்குக் காற்று, பிரின்சஸுக்கு நிலம். ரைடர் பழகியவர்கள் பலர் தோத் நைட்டைக் கிங்காகவும், பிரின்ஸை நைட்டாகவும், பிரின்சஸைப் பேஜாகவும் வைத்துக்கொள்வார்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

கேள்வி: ஐந்து சீட்டில் நாலு கோர்ட் கார்டு. பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆளாளுக்கு மூக்கை நுழைக்கும் விஷயம் என்று நான் எடுத்துக்கொள்வேன். அவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். கப்ஸ் நைட் நமக்கு வலப்பக்கம் போகிறான், ஸ்வார்ட்ஸ் நைட் இடப்பக்கம் பாய்கிறான். கப்ஸ் இடதிலும் ஸ்வார்ட்ஸ் வலதிலும் விழுந்தால் இருவரும் முட்டிக்கொள்வார்கள். சமாதானம் பேச வந்தவன்மேல் ஒருவன் பாய்கிறான். இடம் மாறி விழுந்தால் முதுகு காட்டிப் பிரிந்துபோகிறார்கள். அதே இரண்டு சீட்டு, கதை வேறு.

கேள்வி: தலைகீழாக வந்தால்?

அதே குணம் அளவு மீறிப்போனது, அல்லது இன்னும் வெளிவராதது. கெட்ட ஆள் என்று உடனே முத்திரை குத்த வேண்டாம்.

கேள்வி: டாரட் கட்டு வாங்கக் காசில்லை. வீட்டில் இருக்கும் ரம்மி சீட்டில் பழகலாமா?

தாராளமாக. ஆர்ட்டினைக் கப்ஸாகவும், ஸ்பேடை ஸ்வார்ட்ஸாகவும், கிளாவரை வாண்ட்ஸாகவும், டைமண்டைப் பென்டக்கிள்ஸாகவும் வைத்துக்கொள்வது வழக்கம். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுதான் இருக்கும் என்பதால் நைட்டும் பேஜும் ஜாக்கிக்குள் அடங்கிவிடும். டாரட்டே 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியதுதான். ஜோக்கரை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.