மே மாத முகாமும் ஜூன் மாத அடகும்

கேள்வி: எங்களுக்கு நாமக்கல். கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர், சம்பளம் 34,000. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், 18,000. மகளுக்கு 8 வயது, பள்ளியில் புல்புல் அணியில் (சாரணர் இயக்கத்தில் சிறுமிகளுக்கான பிரிவு) இருக்கிறாள். மகனுக்கு 5 முடிந்துவிட்டது. ஏற்காட்டில் மே மாதம் 3 நாள் குடும்ப அட்வென்ச்சர் கேம்ப் என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. ஆளுக்கு 9,000, நான்கு பேருக்கு 36,000. மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. இல்லையென்றால் மாதம் 6,000 வீதம் 6 மாதம் வட்டியில்லாத் தவணை, பதிவுக் கட்டணம் 1,200. மாதக் கடைசியில் கையில் 4,500 போல நிற்கும், அதுவும் எல்லா மாதமும் இல்லை. பைக் கடன் தவணை 3,800 வருகிற ஜனவரியில் முடியும். போன அக்டோபரில் மாதம் 2,000-க்கு ஓராண்டு ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டேன். நகைச் சீட்டு 3,000. ஜூனில் இரண்டு பேருக்கும் ஸ்கூல் ஃபீஸ் 38,000. அதற்கு வழக்கம்போல நகையை வைத்துவிட்டு, தீபாவளி போனஸில் திருப்பிவிடுவோம். கேம்ப்புக்குத் தவணையில் போகலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா? கணவர் அந்தப் பணத்துக்குத் தங்கம் வாங்கலாம் என்கிறார். மகளின் பள்ளியில் 2 நாள் புல்புல் முகாமும் இருக்கிறது, 900 ரூபாய். அதற்கு அனுப்பினால் போதுமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் அந்த வட்டியில்லாத் தவணையைப் பார்த்துவிடுவோம். மொத்தமாகக் கட்டுகிறவருக்கு விலை 32,400. தவணையில் கட்டுகிறவருக்கு 36,000, அதற்கு மேல் பதிவுக் கட்டணம் 1,200. ஆக 4,800 ரூபாய் கூடுதலாகப் போகிறது. அதுதான் வட்டி. பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு நாலு வட்டிக்கு மேல் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் நாலு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பீர்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய "வழக்கம்போல நகையை வைத்துவிட்டு" என்கிற வரி. இந்தக் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. மே மாதம் கேம்ப்புக்குப் போய்விட்டு வருவீர்கள். ஜூன் முதல் வாரம் 38,000-க்கு நகை அடகுக்குப் போகும். அதே மாதம் கேம்ப்பின் முதல் தவணை 6,000 வந்து நிற்கும். உங்கள் கையில் மிஞ்சுவதோ 4,500. மீதி 1,500-ஐ எங்கிருந்து எடுப்பீர்கள்? கிரெடிட் கார்டு இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் நகையைக் கொஞ்சம் கூடுதல் தொகைக்கு வைத்து. தீபாவளிக்குள் ஏதாவது ஒரு மருத்துவச் செலவு குறுக்கே வந்தால் போனஸில் நகை முழுதாகத் திரும்பாது. அடகிலேயே தங்கிவிட்ட நகைகளை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். அதனால் தவணை வேண்டாம்.

ஆர்.டி.யை உடைத்தால் வட்டியில் சில நூறு ரூபாய்தான் நஷ்டம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் மே வரை நீங்கள் கட்டியிருப்பது 8 மாதம், 16,000. கேம்ப் செலவில் பாதிகூட இல்லை. அதையும் விட்டுவிட்டால் கையில் சேமிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. நகைச் சீட்டைத் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் நகையாகத்தான் கைக்கு வரும், பணமாக வராது.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. 36,000 இந்தக் கேம்ப்புக்கு அதிகம், அதில் அவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வருஷா வருஷம் ஜூனில் நகையை அடகு வைக்கிற வீட்டில் தங்கம் சேமிப்பாக நிற்பதில்லை, ஃபீஸ் கட்டப் பயன்படும் சாமானாகிவிடுகிறது. இன்னும் ஒரு சவரன் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் பெரிய தொகைக்கு வைப்பீர்கள், அவ்வளவுதான். அப்புறம், கேம்ப்புக்கென்று எடுத்து வைத்த பணம் உங்களிடம் இல்லாதபோது "அந்தப் பணத்துக்குத் தங்கம்" என்பதும் கடன் வாங்கித் தங்கம் வாங்குவதுதான். அவரிடம் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த 36,000-க்கு என்ன தருகிறார்கள்? 5 வயதுக்கு மேல் முழுக் கட்டணம் என்று இருப்பதால்தான் உங்கள் மகனுக்கும் 9,000 வருகிறது. ஜிப் லைன், கயிற்றுப் பாலம் போன்றவற்றுக்கு உயரமும் எடையும் பார்ப்பார்கள். 5 வயதுப் பையனை எவற்றில் எல்லாம் ஏற்றுவார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். பாதிக்கு மேல் "அவன் வேடிக்கை பார்க்கலாம்" என்று பதில் வந்தால், 9,000 கொடுத்து வேடிக்கை பார்ப்பதற்கு அவன் ஒன்றும் கலெக்டர் இல்லை. ஏற்காடு வரை போகிற செலவு சேர்ந்ததா, மழை பெய்து ரத்தானால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, இந்த மாதிரி இடங்களில் கடைசி நாள் சாப்பாடு முடிந்ததும் "லைஃப் மெம்பர்ஷிப்" என்று ஒருவர் ஃபைலோடு வந்து உட்காரும் வழக்கம் உண்டு. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டிய எந்த உல்லாச உறுப்பினர் திட்டமும் உங்கள் வருமானத்துக்குச் சரிப்படாது.

பள்ளி முகாமைப் பற்றிக் கேட்டபோது "போதுமா" என்று கொஞ்சம் தயங்கியிருக்கிறீர்கள். 900 ரூபாய் என்பதால் மட்டமாக இருக்குமோ என்ற தயக்கம் போலிருக்கிறது. அங்கே தங்குவது பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ சாரணர் முகாம் திடலிலோ. சமையல் கூட்டாக நடக்கும். நடத்துகிற ஆசிரியர்கள் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தில் இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள், தனியாகச் சம்பளம் கிடையாது. லாபம் வைக்க யாரும் இல்லாததால் விலை குறைகிறது. சாரணர் இயக்கத்தில் பணக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 20 பையன்களை வைத்து நடத்திய முதல் முகாமில், வசதியான பள்ளிகளில் படித்த பையன்களுக்குக் கட்டணம் 1 பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அப்போது 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங். அதாவது வசதி குறைந்த வீட்டுப் பையன் கொடுத்தது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கூடாரமும் சாப்பாடும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆகவே அந்த 900-ஐ இன்றே கட்டிவிடுங்கள். புல்புல் பருவம் 10 வயதோடு முடிந்துவிடும், அதன்பின் அவள் சாரணியர். புல்புல்களுக்கு உள்ள தங்க அம்பு விருதுக்குப் படிப்படியாகத் தேர்ச்சி பெற வேண்டியிருக்கும். அது எங்கே நிற்கிறது என்று அவள் டீச்சரிடம் கேட்டு வையுங்கள். சாரணியர் ஆனபின் செலவு கொஞ்சம் ஏறும். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணி (சாரணர் சாரணியரின் பெரிய முகாம்) போல ஏதாவது வந்தால் உடுப்பு, பயணம், கைச்செலவு என்று ஒரு தொகை தேவைப்படும். அதற்கு இன்னும் 2 ஆண்டு இருக்கிறது.

ஆனால் பள்ளி முகாம் மகளுக்கு மட்டும்தான். உங்கள் ஆசை குடும்பமாகப் போக வேண்டும் என்பது, அது நியாயமான ஆசை. வீட்டு வாசலில் கொல்லிமலையை வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குத் தவணை கட்டுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். செம்மேடு வரை அரசுப் பேருந்து இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகளுக்கு வாந்தி வரும், வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ஓர் இரவு தங்க 2,000 முதல் 2,500, நாலு பேர் சாப்பாடு 2 நாளைக்கு 2,000, பேருந்து, அங்கே சுற்ற ஜீப் அல்லது ஆட்டோ என்று 1,500. மொத்தம் 6,000-க்குள் அடக்கலாம். மே மாத வார இறுதியில் அறை வாடகை ஏறும். உங்களுக்கு லீவு கிடைக்குமானால் செவ்வாய், புதன் போங்கள். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரம் படிக்கு மேல். இறங்கும்போது துள்ளிக்கொண்டு போகிற 5 வயதுப் பையன் ஏறும்போது அப்பாவின் தோளில்தான் இருப்பான். மே மாதத்தில் தண்ணீரும் குறைவாக இருக்கலாம். அருவியை மகன் வளர்ந்தபின் வைத்துக்கொண்டு, இந்த முறை அறப்பளீஸ்வரர் கோயில், வாசலூர்ப்பட்டி படகு என்று போகலாம்.

கூடாரம் வேண்டுமே என்றால், அதற்கும் கடையில் போய் 5,000 கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் வேலை பார்க்கும் இடத்தில் பழைய தார்ப்பாயும் கயிறும் கேட்டால் கிடைக்கும். லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுகிறார்களே, கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதற்குள் முனையை விட்டுக் கீழே இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு, அதைச் சாரணர்களும் கூடாரக் கயிற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். புல்புல் தேர்வுக்கு மகள் ரீஃப் நாட் என்கிற முடிச்சைப் பழகிக்கொண்டிருப்பாள். மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் அப்பாவும் மகளும் சேர்ந்து கட்டட்டும். மே மாதப் புழுக்கத்தில் எப்படியும் மாடியில்தானே படுக்கப் போகிறீர்கள். கொல்லிமலையில் தங்குமிடத்துக்காரர் சம்மதித்தால் அவர் முற்றத்தில் கட்டிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அனுமதியில்லாமல் கட்ட வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். கோடைக் காடு விளையாட்டு இல்லை. வனத்துறையே டிரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் வழிகாட்டியோடு பாதைகள் நடத்துகிறது. நடக்கிற வயது வந்தபின் அதில் எளிய பாதையாகப் பார்த்துப் போகலாம்.

அடுத்த ஆண்டுக் கணக்கு. அக்டோபரில் ஆர்.டி. முதிர்ந்து 24,000-மும் வட்டி 800 போலவும் வரும். தீபாவளிப் பக்கத்தில் வருவதால் துணிக்கடையில் கரையும் ஆபத்து அதிகம். வந்த அன்றே மே மாதம் முதிரும்படி எஃப்.டி. போட்டுவிடுங்கள். நவம்பரிலிருந்து அந்த 2,000-த்தோடு, மாதக் கடைசியில் நிற்கும் பணத்தில் இன்னொரு 2,000 சேர்த்து 4,000-க்கு 6 மாத ஆர்.டி. போடுங்கள். சில வங்கிகள் 12 மாதத்துக்குக் குறைந்து தராது, 6 மாதம் தருகிற வங்கியும் உண்டு. எதுவும் சரிப்படவில்லை என்றால் ஏ.டி.எம். கார்டு வாங்காத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றே போதும். ஏப்ரல் வரை 24,000. இரண்டும் சேர்ந்து மே மாதம் 48,800 கையில் இருக்கும். ஃபீஸை 42,000 என்று ஏற்றி வைத்துக்கொண்டாலும் 6,800 மிச்சம். பைக் கடன் ஜனவரியில் முடிகிறது அல்லவா, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் 3 மாதமும் அந்த 3,800-ஐக் கடன் இன்னும் ஓடுவதாகவே நினைத்து எடுத்து வைத்தால் 11,400. ஆக ஃபீஸ் கட்டியதுபோகக் கேம்ப்புக்கென்று 18,000 ரூபாய் நிற்கும், நகை பெட்டியில் இருக்கும்.

18,000-க்கு நல்ல இடங்களுக்குப் போகலாம். யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா குடும்ப முகாம்கள் நடத்துகிறது, தனியார் கேம்ப்புகளைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும். ரயிலில் போவதானால் டிக்கெட் 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். 5 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சொந்த வண்டிக்கோ வாடகை வண்டிக்கோ இ-பாஸ் எடுக்க வேண்டும், அது இலவசம்.

கேம்ப் கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டா என்று இதே மாதிரிக் கடிதங்களில் கேட்பார்கள். கிடையாது. உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராது என்பதால் அந்தக் கவலையும் வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கணவரின் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் நீங்கள் வரமாட்டீர்கள். பட்டறையில் குரூப் பாலிசி இருக்கிறதா என்று நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், இந்தத் திட்டத்தில் எதைக் குறைத்தாலும் பரவாயில்லை, 5 லட்சத்துக்கு ஒரு குடும்ப பாலிசி எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மரத்தில் ஏறி விழுந்து கை முறிவது முகாமுக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் நடப்பதில்லை. பிரீமியத்துக்கு நகைச் சீட்டை இந்தச் சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டால் சரியாக இருக்கும். உங்கள் கணவர் இதற்குத்தான் முகம் சுளிப்பார்.

ஒன்றை மட்டும் அவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். இந்த ஜூன் அடகு தவிர்க்க முடியாது, போனஸ் அதற்குப் போய்விடும். அடுத்த ஜூனில் நகை போகவில்லை என்றால் அடுத்த ஆண்டு தீபாவளி போனஸ் முழுதாகக் கையில் நிற்கும். அதை என்ன செய்வது என்று பணம் வருவதற்கு முன்பே இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். வந்த பிறகு பேசினால் சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.