பதிவு ஒன்று, டிவி மூன்று

கேள்வி: டிடிஎச் பெட்டியில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் செருகி, மாமியாருக்காக சீரியல் பதிவு செய்கிறேன். அதைக் கழற்றிப் படுக்கையறை ஸ்மார்ட் டிவியில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. செய்யலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டவே வேண்டாம். 'சரி' கொடுத்தால் அத்தனை பதிவும் போய்விடும். டிஸ்க்கில் பழுது இல்லை. கட்டணச் சேனல்களின் பதிவைப் பெட்டி தன்னிடமுள்ள சாவியால் பூட்டித்தான் எழுதுகிறது. பல பெட்டிகள் டிஸ்க்கையே டிவிக்குப் புரியாத முறையில் ஃபார்மேட் செய்துகொள்கின்றன. அதே நிறுவனத்தின் வேறு பெட்டியில் செருகினாலும் பெரும்பாலும் ஓடாது. ஆக, கோப்பைப் பகிர முடியாது. பெட்டியிலிருந்து வரும் படத்தைப் பகிரலாம்.

இரண்டு டிவிக்கு, ஒன்றை இரண்டாக்கும் ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போதும். 10 மீட்டருக்குள் நல்ல ஹெச்டிஎம்ஐ கேபிளே இழுக்கலாம். அதைத் தாண்டினால், கேட்-6 என்ற நெட்வொர்க் வயர் வழியே படத்தைக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் ஒரு ஜோடி வாங்குங்கள். ஸ்பிளிட்டர் பக்கம் ஒன்று, டிவி பக்கம் ஒன்று, நடுவே இணைப்பில்லாத ஒரே துண்டு கேட்-6. ஐஆர், அதாவது ரிமோட் சிக்னலைக் கடத்தும் வசதியுள்ள ஜோடியா என்று பாருங்கள். அதோடு வரும் சிறு பல்பைப் பெட்டியின் ரிமோட் கண்ணுக்கு நேரே ஒட்டிவிட்டால், படுக்கையறையிலிருந்தே ரிமோட் வேலை செய்யும்.

கேட்-6 வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் நீளம் கூடக்கூடப் படத்தை மினுக்க வைக்கும். உள்ளே இருக்கும் எட்டு இழைகளுக்கும் இரு முனையிலும் ஒரே நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைப் பார்த்து, தப்பு என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பிரிந்துதான் இருக்க வேண்டும்.

ஒரு டிவி ஃபுல் ஹெச்டி, மற்றது ஹெச்டி ரெடி என்றால் இரண்டிலும் படம் குறைந்த தரத்துக்கு இறங்கக்கூடும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றில் மட்டும் சத்தம் வராவிட்டால் பெட்டியின் ஆடியோவை டால்பியிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். எல்லா அறையிலும் ஒரே படம்தான் வரும். மாமியாருக்கு சீரியலும் உங்களுக்குச் செய்தியும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் இரண்டாவது இணைப்புதான் வழி.

கேள்வி: கருங்கல் சுவர் கொண்ட பழைய வீடு. டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியில் பென் டிரைவில் பதிகிறோம். மூன்று டிவிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை.
– வாசகர், குன்னூர்

பதில்: உங்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. இலவசச் சேனலின் பதிவு பெரும்பாலும் எதிலும் ஓடக்கூடிய சாதாரண டிஎஸ் வகை வீடியோ கோப்பு. ரூட்டரில் யுஎஸ்பி துளையும், வீடியோவை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் மீடியா சர்வர் வசதியும் இருந்தால் பென் டிரைவை அங்கே செருகுங்கள். டிவிகளில் விஎல்சி செயலியைத் திறந்தால் பட்டியல் தெரியும். நொடிக்கு 2.5 மெகாபிட் ஓடும் சேனல் மணிக்கு சுமார் 1.1 ஜிபி பிடிக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட பதிவு துண்டு துண்டாக விழும்.

பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடக்கும் நடையும் வேண்டாமென்றால், ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, டிஷ் சிக்னலை அதற்குக் கொடுக்கும், லினக்ஸில் இயங்கும் டிவிபி-எஸ்2 யுஎஸ்பி டியூனர், பதிந்து டிவிகளுக்கு அனுப்பும் டிவிஹெட்எண்ட் மென்பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். டியூனருக்குத் தனி அடாப்டர் அவசியம். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி கேட்கும் 13, 18 வோல்ட்டுக்கு ராஸ்பெர்ரி பையின் யுஎஸ்பி துளையை நம்பக்கூடாது. உலாவியில் ராஸ்பெர்ரி பையின் நெட்வொர்க் முகவரியோடு 9981 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் அமைப்புப் பக்கம் வரும். செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பாண்டரில் (ஒரே அலைவரிசையில்) வரும் பல சேனல்களை ஒரே டியூனரால் ஒருசேரப் பதியலாம். இதுதான் இந்த முறையின் பெரிய லாபம்.

வைஃபையை நம்பாதீர்கள். மூன்று டிவிக்கும் சேர்த்து 10 மெகாபிட்கூடத் தேவையில்லை. ஆனால் ஒன்றரை அடிக் கருங்கல்லைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை போய்ச் சேராது. மச்சு வழியாகக் கேட்-6 இழுத்து, மறுபக்கம் அங்கிருந்து வைஃபை கொடுக்கும் ஓர் அக்சஸ் பாயிண்ட் வையுங்கள். தோட்டம் தாண்டி அவுட்ஹவுஸுக்குப் போவதென்றால் செம்புக் கம்பி வேண்டாம். மின்னல் பக்கத்தில் இறங்கினால் இரு பக்கக் கருவிகளும் போகும். ஃபைபரும், அதை இரு முனையிலும் நெட்வொர்க் வயரோடு சேர்க்கும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களும் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டேயில் நான்கு அறைகள். வீட்டு டிடிஎச் பதிவையே விருந்தினர்களுக்கும் காட்டலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: ஸ்பிளிட்டர் நான்குக்கும் வேலை செய்யும், சட்டம்தான் இடிக்கும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், செயற்கைக்கோள், கேபிள் வழியாக விடுதி அறைகளுக்குக் கொடுப்பதையும் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே கொள்கிறது. அறை எண்ணிக்கையைச் சொல்லி வணிக இணைப்பு கேளுங்கள்.

கேள்வி: மழைக்காலப் பதிவுகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. பழுது வயரிலா, டிஷ்ஷிலா?
– வாசகி, கூடலூர்

பதில்: அதே பதிவை இரண்டு டிவியில் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே நிமிடத்தில் உடைந்தால் பதியும்போதே கெட்டது, டிஷ் பக்கம் போங்கள். வெவ்வேறு இடத்தில் உடைந்தால் வீட்டு நெட்வொர்க்.

உங்களுடையது ஃப்ரீ டிஷ் என்றால், அது வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 123 பாகை, அதாவது தென்கிழக்கு. தொடுவானத்திலிருந்து உயரம் சுமார் 66 பாகை. இவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் மலைச்சரிவு அரிதாகத்தான் மறைக்கும், பக்கத்து சில்வர் ஓக் மறைக்கும். எல்என்பியில் மாட்டிய எஃப் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுச்செம்பு பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு முழம் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், நீர் அங்கே சொட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்து கனமழையில் மட்டும் போனால் 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. போடுங்கள். வெயிலிலும் திடீரென்று சிக்னல் குறைந்தால், முதலில் டிஷ் கம்பத்தின் நட்டுகளைப் பாருங்கள். குரங்கு ஏறி உலுக்கினால் இரண்டு பாகை நகர்ந்தாலே போதும், சிக்னல் போய்விடும்.