கழுகும் ஹெல்மெட்டும்

வணக்கம் சார்,

‘வலேரியன்’ (2017) படத்தைச் சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். மூலமான பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்! விதவிதமான வேற்றுக்கிரக உயிர்கள், கலங்கள், அந்த மாபெரும் விண்நிலையம் என்று எல்லாவற்றிலும் ஓவியரின் கை தெரிகிறது. ஆனாலும் படம் மனதில் ஒட்டவில்லை. காமிக்ஸிலிருந்து எடுக்கப்படாத ‘பிளேட் ரன்னர்’தான் நல்ல அறிவியல் புனைவு காமிக்ஸ் ஒன்றைப் படித்த உணர்வைத் தருகிறது. ஏன் இப்படி? ஓவியத்துக்கு உண்மையாக இருந்தால் போதாதா?

இன்னொன்று. இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி எடுக்க நினைத்து நின்றுபோன ‘ட்யூன்’ வந்திருந்தால் அதற்கு இணையாக எந்த அறிவியல் புனைவுப் படமும் இருந்திருக்காது என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கடைசியாக என் கதை. நானும் ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். கதை பாதியில் நிற்கிறது. ஆனால் கதை நடக்கும் நகரத்தை மட்டும் முப்பது நாற்பது கான்செப்ட் ஓவியங்களாகத் தீட்டி வைத்திருக்கிறேன். நேரத்தை வீணடிக்கிறேனா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

வலேரியனுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அதற்கு முன் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஜட்ஜ் ட்ரெட்டைப் பார்த்துவிடலாம். உங்கள் முதல் கேள்விக்கு அவனை வைத்துப் பதில் சொல்வது சுலபம்.

1977இல் பிரிட்டனில் ‘2000 ஏடி’ என்ற வார இதழ் தொடங்கியபோது, எழுத்தாளர் ஜான் வாக்னர் யோசித்து வைத்திருந்தது ஒரு முரட்டுப் போலீஸ்காரனை. கதை அதிகம் தள்ளிப்போகாத எதிர்காலத்து நியூயார்க்கில் நடப்பதாக இருந்தது. வரைய ஒப்புக்கொண்டவர் கார்லோஸ் எஸ்கெர்ரா, பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் ஸ்பெயினில் வளர்ந்தவர். அவர் வரைந்து அனுப்பிய ஆளின் ஒரு தோளில் பெரிய உலோகக் கழுகு உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே வாயும் தாடையும் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் அவர் போட்டிருந்த நகரமோ பத்திருபது வருடத்தில் வந்துவிடக்கூடியது அல்ல. அதைப் பார்த்தபிறகு, கதையின் காலத்தையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தள்ளி வைத்தார்கள். ‘மெகா-சிட்டி ஒன்’ என்ற ட்ரெட்டின் நகரம் பிறந்தது அப்படித்தான். ஓவியர் பின்னணியாகப் போட்டது கதையின் காலத்தையும் இடத்தையும் மாற்றிவிட்டது.

இந்த ட்ரெட் இரண்டு முறை சினிமாவுக்கு வந்தான். 1995 படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோனுக்கு உடை வடிவமைத்தவர் ஜான்னி வெர்சாச்சே. தோள்பட்டைக் கழுகு தங்கமாக மின்னும். காமிக்ஸ் பக்கத்திலிருந்து எழுந்து வந்ததுபோலவே இருக்கும். ஆனால் படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார். நட்சத்திரத்தின் முகம் தெரிய வேண்டுமே! 2012 படத்தில் தலைகீழ். கழுகு சிறுத்துவிட்டது, உடை நிஜமாகவே துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே போட்டுக்கொண்டு ஓடக்கூடிய கவசமாகிவிட்டது. காமிக்ஸ் ஓவியத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எத்தனையோ வித்தியாசம் சொல்லலாம். ஆனால் கார்ல் அர்பன் கடைசி வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. சட்டத்துக்கு முகம் கிடையாது என்பதுதான் எஸ்கெர்ராவின் வடிவத்துக்குள் இருந்த யோசனை. முதல் படம் வடிவத்தை எடுத்துக்கொண்டு யோசனையைக் கைவிட்டது. இரண்டாவது படம் வடிவத்தில் கை வைத்தது, யோசனையை விடவில்லை. ட்ரெட் ரசிகர்கள் கொண்டாடுவது இரண்டாவதைத்தான் என்று உங்களுக்கே தெரியும்.

வரைந்தவரே படம் எடுத்தாலும் கதை இதுதான். கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ என்ற ஜப்பானிய காமிக்ஸ் 1982இல் தொடராகத் தொடங்கியது. அது 1990இல் முடிவதற்கு முன்பே, 1988இல், அவரே அதை அனிமேஷன் படமாக இயக்கிவிட்டார். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் கதை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்காது. பெரும்பகுதியை வெட்டினார். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது நிறம். காமிக்ஸில் மோட்டார் சைக்கிளின் வேகம் கறுப்புக் கோடுகளில் இருந்தது. படத்தில் அது, வண்டி போனபிறகும் இருட்டில் தொங்கி நிற்கும் சிவப்பு விளக்கின் வால். இரவுக் காட்சிகள் செலவு பிடிப்பவை என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது, பாதிப் படத்தை இரவில் வைத்தார் ஓட்டோமோ. 327 நிறங்கள் பயன்பட்டன, அதில் 50 இந்தப் படத்துக்கென்றே உருவாக்கியவை என்று சொல்வார்கள். தன் கோட்டுக்கே அவர் உண்மையாக இருக்கவில்லை. அந்தக் கோடு எதற்காக இருந்தது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, வலேரியன். நீங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டது 1975இல் வந்த ‘நிழல்களின் தூதர்’ ஆல்பமாகத்தான் இருக்கும். எழுதியவர் பியேர் கிறிஸ்தான், வரைந்தவர் ழான்-க்ளோட் மெஸியேர். பிரபஞ்சத்தின் ஒவ்வொரு இனமும் தனக்கு ஏற்ற அறையைக் கட்டிக்கொண்டு வந்து ஒட்டவைத்த விண்நிலையம். கடத்தப்பட்ட வலேரியனைத் தேடி அவன் கூட்டாளி லொரலின் அதற்குள் அறை அறையாகப் போகிறாள். பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு அறை, இன்னொரு உடலமைப்பு, இன்னொரு வாழ்முறை. நீங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று யோசியுங்கள். ஓரத்தில் ஏதோ ஒரு ஜந்து வேடிக்கையாக நின்றால் அதையும் பார்த்துவிட்டுத்தானே நகர்ந்தீர்கள்? மெஸியேர் அந்த நேரத்தை நம்பித்தான் அவ்வளவு அடர்த்தியாக வரைந்தார். காமிக்ஸில் கடிகாரம் வாசகர் கையில் இருக்கிறது.

சினிமாவில் அது இயக்குநர் கையில். லூக் பெஸ்ஸோன் அதே அடர்த்தியைத் திரைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் கேமராவை ஓடவிடுகிறார். வடிவமைப்பில் குறை ஒன்றும் இல்லை, பார்க்க விடவில்லை என்பதுதான் குறை. இதற்கு அந்தப் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அதன் தொடக்கக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். விண்நிலையம் வளர வளர, புதிது புதிதாக வருகிறவர்களோடு கைகுலுக்குகிறார்கள். முதலில் மனிதர்கள், அப்புறம் எதைக் கை என்று எடுத்துக்கொள்வது என்றே புரியாத உயிர்கள். ஒரே செயல் திரும்பத் திரும்ப வருவதால் கண் நிதானமாக வித்தியாசங்களைப் படிக்கிறது. வசனமே தேவைப்படவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இதை ‘பிளேட் ரன்னர்’ (1982) பக்கத்தில் வையுங்கள். இயக்குநர் ரிட்லி ஸ்காட் காத்திருக்கிறார். மழை பெய்கிறது, யாரோ குடையோடு போகிறார்கள், கேமரா அவசரப்படுவதில்லை. காமிக்ஸ் படித்ததுபோல இருக்கிறது என்று நீங்கள் சொன்னது, கட்டத்தில் நிற்க இடம் கிடைத்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நகரம் உருவான விதமும் சுவாரசியம். சிட் மீட் முன்பு ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைத்தவர். இந்தப் படத்தில் அவரை அழைத்தது வாகனங்களை வரைவதற்கு. அவரோ வாகனத்தை மட்டும் தனியாக வரையாமல், அது நிற்கும் தெருவையும் சேர்த்துத் தீட்டிக் கொடுத்தார். ஈரமான சாலை, பழைய கட்டடம், அதன்மேல் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள், கம்பிகள். ஸ்காட் தெருவையும் எடுத்துக்கொண்டார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதியில்லாத ஊர், அதனால் பழசின்மேலேயே ஒட்டுப்போட்டுக்கொண்டே போகிறார்கள். வசனத்தில் ஒருவர்கூட இதைச் சொல்வதில்லை. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் ஏற்கெனவே இருந்த பழைய நியூயார்க் தெரு செட்டின்மேல் இதே மாதிரி குழாய்களை ஒட்டித்தான் படமும் எடுத்தார்கள். பணத் தட்டுப்பாடும் யோசனையும் இப்படி ஒரே திசையில் இழுப்பது அபூர்வம்.

காமிக்ஸிலிருந்து வந்த படம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தது ஓரளவுக்குத்தான் சரி. கதை பிலிப் கே. டிக்கின் நாவலிலிருந்து வந்தது. ஆனால் அந்தத் தெருக்களுக்குப் பின்னால் ‘தி லாங் டுமாரோ’ என்ற குட்டிக் காமிக்ஸ் நிற்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோபியஸ் வரைந்து 1976இல் ‘மெத்தால் உர்லான்’ என்ற பிரெஞ்சு காமிக்ஸ் இதழில் வந்தது. துப்பறியும் கதைதான். ஆனால் நகரம் பாதாளம்வரை செங்குத்தாக இறங்கிக்கொண்டே போகும், மேலும் கீழும் கூட்டம். ஸ்காட்டே அதன் பாதிப்பைச் சொல்லியிருக்கிறார். மோபியஸைப் படத்துக்கும் அழைத்தார்கள். அவர் அப்போது ஓர் அனிமேஷன் படத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் வரவில்லை. பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டாராம்.

அந்தக் குட்டிக் கதையை எழுதியவர் டான் ஓ’பானன். எழுதிய இடம் பாரிஸ். எதற்காக அங்கே போயிருந்தார் தெரியுமா? உங்கள் நண்பர்கள் சொல்லும் அதே ‘ட்யூன்’ படத்துக்காக. வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் பொழுதுபோக்காகச் செய்தது அது.

இனி உங்கள் நண்பர்களோடு நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஹோடரோவ்ஸ்கியிடம் மோபியஸ் இருந்தார், ஓவியர்கள் எச்.ஆர். கீகர் இருந்தார், கிறிஸ் ஃபாஸ் இருந்தார். காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு ஓவியங்கள் ஏறத்தாழ 3000. எல்லாவற்றையும் தடித்த புத்தகமாகக் கட்டி ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குக் கொண்டுபோனார்கள். எவரும் பணம் போடவில்லை. அந்த ஓவியங்கள் அற்புதமானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படமாக வந்திருந்தால்? அந்தப் புத்தகத்தில் எதற்கும் எடை கிடையாது. யாரும் அந்தக் கலத்தைக் கட்டிப் பார்க்கவில்லை, அந்த உடையைப் போட்டுக்கொண்டு எவரும் வியர்க்கவில்லை, முடியாது என்று ஒரு தச்சர்கூடச் சொல்லவில்லை. இந்தச் சோதனைகளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதால்தான் அது இவ்வளவு பூரணமாகத் தெரிகிறது.

அதே ஆட்கள் அந்தச் சோதனைக்குள் போனபோது என்ன நடந்தது என்பதற்கு ‘ஏலியன்’ (1979) இருக்கிறது. பாரிஸிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பிய ஓ’பானன் எழுதிய கதை. கீகர், ஃபாஸ், மோபியஸ் மூவரும் இதற்குள்ளும் வந்தார்கள். மோபியஸ் சில நாட்கள்தான் இருந்தார், ஆனால் விண்வெளி உடைகள் அவருடையவை. இவர்களோடு ரான் காப் என்ற அரசியல் கேலிச்சித்திரக்காரரும் சேர்ந்தார். வேலையைப் பிரித்த விதத்தைக் கவனியுங்கள். வேற்றுக்கிரகத்துக்குச் சொந்தமானது எல்லாம் கீகர். மனிதர்களின் கலத்துக்கு உள்ளே காப். காப் ஒரு பொறியாளர் போலத்தான் யோசிப்பார். இந்தக் கதவுக்குப் பின்னால் காற்றழுத்தம் உண்டா, இது குளிர்பதன அறையா என்று ஊழியர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று, கலம் முழுக்க ஒட்டுவதற்கு ஒரு முழு எச்சரிக்கைச் சின்ன வரிசையையே உருவாக்கினார். திரையில் அவற்றைப் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஆட்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை அதனால்தான் வருகிறது. அப்படி நம்பியபிறகுதான் எலும்பால் கட்டியதுபோன்ற கீகரின் வேற்றுக்கிரகக் கலத்துக்குள் நுழைகிறோம். ‘இதை மனிதர்கள் கட்டவில்லை’ என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

‘ஏலியன்’ படத்தின் ஜந்துவுக்கு மூலமான கீகரின் 1976 ஓவியத்தில் பெரிய கறுப்புக் கண்கள் இருக்கும். படத்தில் கண்களே தெரியாது. எங்கே பார்க்கிறது என்று தெரியாவிட்டால் இன்னும் பயம். தன் ஓவியத்துக்கே கீகர் காட்டிய இந்தத் துரோகம், ‘ட்யூன்’ புத்தகத்தின் 3000 ஓவியங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் நண்பர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் காமிக்ஸுக்கு வருவோம். நகரத்தை முதலில் வரைவது வீண் என்று சொல்ல மாட்டேன். எஸ்கெர்ராவின் கதையைத்தான் மேலே சொன்னேன். மெஸியேரிடமே இன்னொரு உதாரணம் உண்டு. பெஸ்ஸோனின் ‘ஃபிப்த் எலிமென்ட்’ (1997) நாயகன் ஆரம்பத்தில் ஒரு தொழிற்சாலை ஊழியன். படம் இடையில் நின்றுபோனபோது மெஸியேர் தன் அடுத்த ஆல்பத்தில் ஒரு பறக்கும் டாக்சியை வரைந்தார். அதைப் பார்த்த பெஸ்ஸோன் நாயகனையே டாக்சி டிரைவராக்கிவிட்டார்! டாக்சி என்று வந்ததும் உரிமம், அபராதம், கேட்காமல் வந்து விழும் பயணி என்று கதை தானாக நகர்கிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஓவியம் தீட்டிய ரால்ஃப் மெக்வாரி முன்பு போயிங்கில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். அதன் வில்லன் டார்த் வேடர் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு வெற்றிடத்தின் வழியே போவதாகத் திரைக்கதையில் இருந்தது. அப்படியானால் இவன் எப்படி மூச்சு விடுவான் என்று கேட்டார் மெக்வாரி, ஒரு சுவாச முகமூடியை வரைந்தார். அந்த முகமூடியிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் வந்தது, இயந்திரத்தின் தயவில் உயிரோடிருக்கும் மனிதன் என்ற பின்கதையும் வந்தது.

டாக்சிக்கும் முகமூடிக்கும் ஓர் ஒற்றுமை, இரண்டையும் யாரோ பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஓவியங்களை எடுத்து, ஏதோ ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும் மனிதர் இருக்கும் படங்களை மட்டும் தனியாகப் பிரியுங்கள். அளவு காட்டுவதற்காக ஓரத்தில் எறும்புபோல் நிறுத்திவைத்த ஆட்கள் கணக்கில் வர மாட்டார்கள். ஐந்தாறு தேறினால் அதிர்ஷ்டம். அவர்களில் எவர் கையில் இருக்கும் கருவி உங்களுக்கே விநோதமாகத் தெரிகிறதோ, அவரை நின்றுபோன அத்தியாயத்துக்குள் அனுப்புங்கள். மற்ற ஓவியங்கள் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். எட்டுப் பக்கம் தேறியதும் அனுப்புங்கள், பென்சில் கோடாக இருந்தாலும் பரவாயில்லை, பார்க்கிறேன்.