போவிஸ் தோட்டம், திப்புவின் கூடாரம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊரை ஒட்டி இருக்கும் போவிஸ் கோட்டைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முதலில் உள்ளே, ராபர்ட் கிளைவ் குடும்பத்தார் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருள்கள் இருக்கும் கிளைவ் அருங்காட்சியகம். திப்பு சுல்தானின் கூடாரத்தையும் அவர் அரியணையில் இருந்த பொன் புலித்தலையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அடுக்கடுக்காக இறங்கும் அந்தத் தோட்டம். பிள்ளைகள் ஓடி ஆடினார்கள். எனக்கோ கால் நகரவில்லை. இந்தப் பூவெல்லாம் நம் ஊர்ப் பணத்தில் பூத்தவைதானே என்று மனம் கசந்துவிட்டது. "தோட்டம் என்ன பாவம் செய்தது?" என்கிறார் கணவர். நீங்கள் அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். உங்களால் எப்படி ரசிக்க முடிந்தது?

எஸ்., பர்மிங்ஹாம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கசப்பு நியாயமானது. ஆனால் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நீங்கள் நின்ற அந்தத் தளங்கள் கிளைவ் குடும்பத்துப் பணத்தில் எழுந்தவை அல்ல. 1680-களில், கிளைவ் பிறப்பதற்கும் முன்பே, அப்போது கோட்டைக்குச் சொந்தக்காரர்களான ஹெர்பர்ட் குடும்பத்துக்காகப் பாறையை உடைத்துச் செதுக்கியவை. இத்தாலியப் பாணியில் மேலே ஒரு தளம், அதன் கீழே பறவைக்கூடத் தளம், அதற்கும் கீழே ஆரஞ்சு மரங்களைக் குளிரில் காப்பதற்கான கூடம். சரிவில் இருப்பதால் குளிர்காற்று தங்காமல் கீழே வழிந்துவிடும். அதனால்தான் அந்த மதில்களை ஒட்டி, வேல்ஸ் குளிர் தாங்காத செடிகள்கூடப் பிழைக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டன் முழுக்க ஒரு மோகம் பரவியது. கோடு போட்டாற்போல் இருந்த பழைய தோட்டங்களை இடித்துவிட்டு, இயற்கையாய்த் தெரியும் புல்வெளியும் ஏரியும் அமைப்பது. எத்தனையோ அருமையான தோட்டங்கள் அதில் மண்ணோடு மண்ணாயின. போவிஸ் தளங்கள் பிழைத்ததற்கு ரசனை காரணமில்லை. கடனும் கவனிப்பின்மையும்தான். இடித்துக் கட்டுவதற்கும் காசு வேண்டுமே! வெட்டாமல் விட்ட யூ மரங்கள் (yew, ஆண்டு முழுதும் பச்சையாய் நிற்கும் ஊசியிலை மரம்) தம் போக்கில் பருத்தன. பிறகு கத்தரிக்கோல் திரும்பி வந்தபோது, அவை ஊதி வளர்ந்த உருவத்தையே ஒட்டி வெட்டினார்கள். கோட்டையிலிருந்து வழிந்து உறைந்த பச்சைக் குழம்பு போல இன்று நாம் பார்க்கும் அந்த வடிவத்தை யாரும் தாளில் வரைந்து வைக்கவில்லை. பட்டுப்போனதாகத் தோன்றும் பழைய கட்டையிலிருந்தும் தளிர்விடும் மரம் யூ. அது இல்லையென்றால் முந்நூறு ஆண்டு வெட்டை எந்த மரம் தாங்கும்?

பணம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், போவிஸ் வீட்டுப் பெண் ஹென்ரியட்டாவை 1784-இல் மணந்தார். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர் அவர்தான். ஓமந்தூரார் தோட்டத்தில் இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடம் அவர் காலத்தில் எழுந்தது. பிளாசியையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் வென்றதன் நினைவாக. 1799-இல் திப்பு வீழ்ந்தார். அடுத்த ஆண்டே ஹென்ரியட்டா இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றினார். கல்லும் செடியும் சேர்ப்பதில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. அந்தப் பெண்மணியை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் அவர் செடி பார்த்து நடந்த பாதை, படைகள் ஓராண்டுக்கு முன் ரத்தம் சிந்தித் திறந்த பாதை. இதையும் மறைக்க மாட்டேன்.

அவர்களுடைய மகன் காலத்தில் போவிஸும் கிளைவ் செல்வமும் ஒரே கைக்கு வந்தன. சிதைந்து கிடந்த கோட்டை பழுது பார்க்கப்பட்டது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தோட்டத்தைக் கட்டியது நம் பணம் அல்ல, அது அழியாமல் நின்றதில் நம் பணத்துக்குப் பங்கு உண்டு. உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. நீங்கள் பார்த்த அந்தக் கூடாரம், பூச்சாடிகள் வரிவரியாய் அச்சிட்ட அந்தச் சீட்டித் துணி, கண்ணாடிக்குப் பின்னே போவதற்கு முன்பு போவிஸில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்பட்டிருக்கிறது. போர்க்களத்தில் ஓர் அரசன் தங்கிய துணிக்கு அடியில் தேநீர் பரிமாறியிருக்கிறார்கள். தளங்களையும் யூ மரங்களையும் நான் மனமார ரசிக்கிறேன். அந்தக் காட்சியை மட்டும் நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 1911-இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வயலட் சீமாட்டி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைவிட அழகானது இருக்கக் கூடாது என்று உழைத்தவர். காய்கறித் தோட்டத்தை இடம் மாற்றி, அங்கே இன்றைய பூந்தோட்டத்தை அமைத்தது அவர்தான். 1952 முதல் எல்லாம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவர்கள் பெயர் தெரியாதவர்கள். அந்த யூ மரங்களை முன்பெல்லாம் ஏணிகளில் நின்று, கைக் கத்தரியால், ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து மாதக்கணக்கில் வெட்டுவார்கள். இப்போது தெருவிளக்கு மாற்ற வருமே, அந்த மாதிரி தூக்கி வண்டியில் ஏறி ஒரே தோட்டக்காரர் ஏறத்தாழ 10 வாரம் வெட்டுகிறார். நான் போனபோது மழைத் தூறலில் மேலே ஒருவர் நின்றிருந்தார். வெட்டுவதும், சற்றுப் பின்வாங்கிப் பார்ப்பதும், மறுபடி ஒரு விரற்கடை வெட்டுவதுமாக. முக்கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே. இலையுதிர் காலத்தில் ஒருமுறை போய்வாருங்கள். இந்த முறை தோட்டத்தை முதலில் பாருங்கள், அருங்காட்சியகத்தைப் பிறகு. பிள்ளைகளையும் இரண்டுக்கும் கூட்டிப்போங்கள். கூடாரத்தின் கதையை நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்.