மணியை யார் கழற்றினார்கள்?

கேள்வி: என் மகன் தரம் 9 படிக்கிறான். எல்லாளன், துட்டகைமுனு பற்றிப் பாடசாலையில் ஒரு கதை, வீட்டில் அப்பம்மா சொல்வது வேறு கதை. இந்த நாட்டைக் கெடுத்ததே கதைகள்தான் என்பது என் கருத்து. கட்டுக்கதைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆவணம், கல்வெட்டு என்று ஆதாரமுள்ள வரலாற்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதிச் சண்டை தீராதா? உங்கள் சஞ்சிகையும் மாதாமாதம் நாட்டார் கதை போடுகிறதே, அதை எப்போது நிறுத்துவீர்கள்?
— ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: தீராது. உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் பிழையான ஆளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாடசாலையிலோ வீட்டிலோ உங்கள் மகன் முழுக் கதையைக் கேட்டிருக்கிறானா என்று முதலில் விசாரியுங்கள்.

மகாவம்சம் கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் அநுராதபுரத்து மகாவிகாரை மரபில் பாளி மொழியில் எழுதப்பட்ட நூல். எங்கள் ஆட்களில் பலர் அதைத் திறந்து பார்க்காமலே திட்டுகிறார்கள், சிங்களப் பக்கத்தில் பலர் திறந்து பார்க்காமலே கும்பிடுகிறார்கள். திறந்தால் 21ஆம் அத்தியாயத்திலேயே எல்லாளன் இருக்கிறான்: சோழ நாட்டிலிருந்து வந்து 44 வருஷம் ஆண்டவன், நீதி கேட்டு வருகிறவர்கள் இழுத்து அடிக்கட்டும் என்று கட்டில் தலைமாட்டில் நீளக் கயிற்றோடு மணி கட்டி வைத்தவன், மகனின் தேர் ஏறிக் கன்று செத்ததும் தாய்ப்பசு வந்து மணியடிக்க, அதே தேர்ச்சில்லால் மகனைக் கொன்றவன். மனுநீதிச் சோழன் கதை அல்லவா என்பீர்கள். அதேதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதும் இதைத்தான், திருவாரூரில் இன்றைக்கும் கல்தேர் காட்டுகிறார்கள். தமிழர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கதை, தமிழருக்கு எதிரி என்று நாம் முடிவுகட்டிய நூலில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் கேளுங்கள், அவனுடைய தேர் இடித்து ஒரு தூபியில் 15 கல் பெயர்ந்துபோனதற்கு, என் தலையையும் இதே சில்லால் வெட்டுங்கள் என்று தெருவில் படுத்தானாம். புத்த சமயத்தவன் அல்லாத அரசனைப் பற்றிப் புத்த பிக்கு எழுதி வைத்தது இது.

25ஆம் அத்தியாயத்தில் அவன் போரில் விழுகிறான். அவனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனு அவனுக்கு இறுதிக்கடன் செய்து, சமாதி கட்டி, அந்த வழியாகப் போகும்போது வாத்தியங்களை நிறுத்தும் வழக்கத்தையும் உண்டாக்குகிறான். அதே அத்தியாயத்தில்தான், இத்தனை பேரைக் கொன்றேனே என்று வருந்தும் அரசனிடம், நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்று அரகந்தர்கள் (ஞானம் பெற்ற பிக்குகள்) ஆறுதல் சொல்லும் அந்தப் பயங்கரமான இடமும் வருகிறது. இரண்டும் ஒரே அத்தியாயம், சில பக்க வித்தியாசம். ஒரு பக்கத்து மேடையில் ஏறுகிறவர் மணியையும் சமாதியையும் கழற்றி வைத்துவிட்டு வெற்றியை மட்டும் பேசுகிறார், எங்கள் பக்கத்து மேடையில் ஏறுகிறவர் ஒன்றரையைப் பிடித்துக்கொண்டு சமாதியை மறந்துவிடுகிறார். சண்டைக்கு ஆள் சேர்ப்பது இந்தக் கத்தரிக்கோல். அதை விட்டுவிட்டுக் கதையை ஏன் பிடிக்கிறீர்கள்?

சரி, உங்கள் ஆதாரத்துக்கு வருவோம். ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கண்டிக் கிளர்ச்சி தோற்றபோது தப்பியோடிய பிலிமத்தலாவை என்ற பிரதானி, அநுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என்று சொல்லப்பட்ட மேட்டுக்குக் கிட்ட வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி, களைப்போடு களைப்பாக நடந்தே அதைக் கடந்தாராம். பின்னால் தொல்பொருள் ஆராய்ச்சி நடந்து, அது எல்லாளன் சமாதி இல்லை, தக்கிண தூபி என்ற புத்த தூபி என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கணக்குப்படி என்ன செய்வது? மேடு தவறு என்பதால் அந்த மனிதர் இறங்கி நடந்ததையும் அழித்துவிடலாமா? சிங்களப் பிரதானி ஒருவர், துரத்தி வருகிறவர்களுக்குப் பயந்து ஓடுகிற நேரத்திலும், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் அரசனுக்கு மரியாதை காட்டினார். இதுவும் வரலாறுதான், இதைச் செய்ய வைத்தது ஒரு கதைதான்.

இன்னொன்று. சங்க காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று உங்கள் மகன் பரீட்சையில் எழுதுவான் அல்லவா, அதற்குச் சொல்லப்படும் முக்கிய காரணங்களில் ஒன்று, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' வந்திருந்தான் என்ற சிலப்பதிகார வரி. கயவாகுதான் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட முதலாம் கஜபாகு என்று வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் காலத்தைக் கணித்தார்கள். ஆனால் மகாவம்சத்தில் கஜபாகு பகுதியைப் பாருங்கள், அவன் கடல் கடந்ததாக ஒரு சொல்லும் கிடையாது. பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட ராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல்தான் அவன் சோழ நாட்டுக்குப் போய்ச் சிறைபிடிக்கப்பட்டவர்களையும் பத்தினியின் (சிங்களவர் கண்ணகியை அப்படித்தான் கும்பிடுகிறார்கள்) சிலம்புகளையும் கொண்டுவந்தான் என்கிறது. கடுவெலைக்கு அங்கால் நவகமுவ பத்தினி தேவாலயத்துக்குப் போனால் அந்தச் சிலம்பு இங்கேதான் வந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஆக, ஆதாரமுள்ள வரலாறு என்று நீங்கள் நம்பும் ஒரு கால வரிசையே கண்ணகி கதையின் ஒரு வரியில் தொங்குகிறது. அதை என்ன செய்யப் போகிறீர்கள்?

அதே கண்ணகியை நாங்களே என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் அவள் சமணச் செட்டிச்சி, சைவர் கும்பிடத் தக்கவள் அல்ல என்றார். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல பிற்காலத்தில் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. மட்டக்களப்பு கேட்கவில்லை. அங்கே வைகாசியில் இன்னும் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்கலும் நிற்கவில்லை. நாவலரின் கல்விப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை (கடிதம் எழுதக் காகிதம் எடுத்தவர்கள் கீழே வைக்கலாம்). கத்தரிக்கோல் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஆவணம் மட்டும் போதும் என்கிறவர்களிடம் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. மலையகத்தில் பரம்பரையாகச் சொல்வார்கள், தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி இந்தியாவிலிருந்து கூட்டிவந்தார்கள் என்று. ஆவணத்தை வைத்து இதை அரை நிமிடத்தில் உடைக்கலாம். முதலில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டதே 1867இல்தான். கதை தன் செடியை மாற்றிக்கொண்டுவிட்டது, ஏமாற்றத்தை மாற்றவில்லை. அந்த ஏமாற்றத்தைத் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்? புத்தகத்தை எழுதியது துரை. அப்புறம் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்று கேட்டபோது, லட்சக்கணக்கான பேரிடம் காட்டப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எந்தத் தோட்டம், எந்த லயம், யார் எந்த மலையில் செத்தார்கள் என்று கதையாகவும் பாட்டாகவும் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது செல்லாது என்றார்கள். 'ஆதாரம் உள்ளதுதான் வரலாறு' என்ற உங்கள் யோசனையை இந்த நாடு ஏற்கெனவே ஒரு தடவை நடைமுறைப்படுத்திப் பார்த்துவிட்டது ஐயா.

கல்வெட்டும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிரியாவில் இராவணன் விமானம் இறக்கினான் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து உங்கள் மகன் சொன்னால், யார் சொன்னது, எப்போதிருந்து சொல்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள். பாடப்புத்தகத்தைப் பற்றியும் அதையே கேட்கட்டும். அப்பம்மாவிடமும் கேட்கட்டும், அவர் கோபிக்க மாட்டார். மகாவம்சத்தின் 21ஆம், 25ஆம் அத்தியாயங்களை இரண்டு பேரும் உட்கார்ந்து வாசியுங்கள், ஒரு பின்னேரம் போதும்.

நாட்டார் கதைப் பகுதி நிற்காது. அடுத்த இதழில் ஊவாப் பக்கத்துக் கதை ஒன்று வருகிறது, ஒரே கதை இரண்டு தோட்டங்களில் இரண்டு விதமாக முடிகிறது. இரண்டு முடிவையும் போடுகிறோம்.